கம்பைலரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

அன்புள்ள ஐயா,

நாங்கள் பராமரிக்கும் நிரல்மொழியின் கம்பைலருக்கும் (நிரலை இயந்திரக் கோடாக மாற்றுவது) ரன்டைமுக்கும் (நிரல் ஓடும்போது அதற்குத் துணை செய்வது) 12 வயது. எழுதியவர்கள் யாரும் இப்போது குழுவில் இல்லை. ஒரு இடத்தைத் தொட்டால் சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தில் கிராஷ் ஆகிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதலாம் என்று தோன்றுகிறது. என்ன சொல்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

வேண்டாம். பழைய கோட் நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. கம்பைலருக்கும் ரன்டைமுக்கும் நடுவே யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தங்கள் நிறைய உண்டு. கோட்டைத் தூக்கிப் போடும்போது அவையும் போய்விடும். அப்புறம் பயனர்களின் நிரல்கள் கிராஷ் ஆகித்தான் ஒவ்வொன்றாகத் திரும்பக் கிடைக்கும்.

நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். நான் பராமரித்த மொழியின் கார்பேஜ் கலெக்டர் (ஜிசி), அதாவது நிரலுக்கு இனித் தேவைப்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து துப்புரவு செய்யும் பகுதி, புதிய பொருள்களுக்கு ஒரு பகுதி, பழையவற்றுக்கு ஒரு பகுதி என்று நினைவகத்தைப் பிரித்து வைத்திருந்தது. புதிய பகுதியைத்தான் அடிக்கடி துப்புரவு செய்யும். அதனால் பழைய பொருள் ஒன்று புதிய பொருளைச் சுட்டத் தொடங்கினால் அதைக் குறித்து வைத்தாக வேண்டும். அப்படிக் குறித்து வைக்கும் சிறு துண்டுக்குத்தான் ரைட் பேரியர் என்று பெயர். கம்பைலர் அதைத் தேவையான இடங்களிலெல்லாம் சேர்க்கும். அப்போதுதான் உருவான பொருளில் எழுதும்போது மட்டும் விட்டுவிடும். புதுப் பொருள் புதிய பகுதியில்தானே இருக்கும்?

கோட்டை ஒழுங்குபடுத்தும் வேலையில் கம்பைலரின் இரண்டு கட்டங்களை நான் இடம் மாற்றினேன். அதனால் பொருளை உருவாக்குவதற்கும் அதில் எழுதுவதற்கும் நடுவே ஒரு ஃபங்ஷன் அழைப்பு நுழைந்துவிட்டது. அந்த அழைப்புக்குள் துப்புரவு நடந்தால் நம் பொருள் பழைய பகுதிக்குப் போய்விடும். பேரியர் இல்லாமல் எழுதியதால், அது சுட்டும் பொருள் அடுத்த துப்புரவில் காணாமல் போகும். டெஸ்ட்கள் எல்லாம் பாஸ் ஆகின. பல வாரம் கழித்து ஒரு பயனரின் நிரல் வேறு எங்கோ கிராஷ் ஆனது. பொருளை உருவாக்குவதற்கும் அதில் எழுதுவதற்கும் நடுவே துப்புரவு நடக்கக் கூடாது என்று கோட்டில் ஒரு வரிகூட இல்லை. பழைய வரிசைதான் அதை அதுவரை காப்பாற்றி வந்திருக்கிறது. உங்கள் கிராஷ்களிலும் சில இந்த ரகமாக இருக்கலாம்.

அதனால் முதல் வேலை, அந்த ஒப்பந்தங்களைச் சோதனைகளாக எழுதுவது. ஒவ்வொரு முறை நினைவகம் கேட்கும்போதும் துப்புரவு செய்யும் ஒரு நிலையை ரன்டைமில் சேர்த்துவிடுங்கள். ரூபி மொழியில் ஜிசி ஸ்ட்ரெஸ் என்ற பெயரில் இது இருக்கிறது. நிரல் ஆமை வேகத்தில்தான் ஓடும், பரவாயில்லை. தவறு நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிராஷ் ஆகும். என்னிடம் இது இருந்திருந்தால் என் தவறு அன்றைக்கே தெரிந்திருக்கும். கம்பைலரின் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அது அடுத்த கட்டத்துக்குத் தரும் இடைநிலைக் கோட் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பானும் வேண்டும்.

அடுத்தது, அமைப்பை மாற்றும் வேலையையும் நடத்தையை மாற்றும் வேலையையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். கோ மொழியின் கம்பைலர் முதலில் சி மொழியில் இருந்தது. அதைக் கோ மொழிக்குக் கொண்டுவந்தபோது அவர்கள் கையால் புதிதாக எழுதவில்லை. ஒரு கருவியை வைத்து மொழிபெயர்த்தார்கள். 2015இல் வந்த 1.5 பதிப்பில் கம்பைல் ஆக ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. அதைப் பொறுத்துக்கொண்டார்கள். இயந்திரக் கோட் உருவாக்கும் புதிய பின்பகுதி 2016இல், 1.7 பதிப்பில்தான் வந்தது. இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ரன்டைமைப் பெரிதாக மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வருவதும் உண்டு. ஓகேமல் மொழியின் 5.0 பதிப்பு அப்படித்தான் 2022 டிசம்பரில் பிராசஸரின் பல கோர்களில் இணையாக ஓடும் ரன்டைமோடு வந்தது. பல ஆண்டு உழைப்பு அது. அப்படியும் பழைய ரன்டைமில் இருந்த, நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் பொருள்களை நெருக்கி அடுக்கும் ஹீப் காம்பாக்‌ஷன் அந்தப் பதிப்பில் இல்லை, 5.2இல்தான் திரும்பி வந்தது.

உங்கள் கம்பைலர் அதே மொழியில் எழுதப்பட்டதா என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படியென்றால் ஜிசிசி என்ற கம்பைலர் செய்வதைப் போலத் தன்னைத் தானே மூன்று முறை கம்பைல் செய்யவிட்டு, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

சரி, இப்போதைக்கு இது போதும். துப்புரவு நிலையைச் சேருங்கள், வேறு எதையும் தொடாமல் இருக்கிற டெஸ்ட்களை அதில் ஒரு முறை ஓட்டுங்கள். எத்தனை கிராஷ் ஆகின்றன என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து எங்கே தொடங்கலாம் என்று பேசுவோம்.