விவாகரத்தான தம்பதியை வைத்து எப்படிக் காதல் நகைச்சுவைப் படம் எடுக்கிறார்கள்?

பிரிந்தவர்கள் கதையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 1937இல் வந்த 'தி ஆஃபுல் ட்ரூத்' என்ற ஹாலிவுட் படத்தைப் பாருங்கள். கேரி கிராண்ட், ஐரீன் டன் நடித்தது. நாகர்கோவிலில் அக்கா வீட்டில், வெளியே ஐப்பசி மழை கொட்ட, பார்த்தோம்.

படத்தில் பிரியும் தம்பதிக்கு இடையே, நாய் யாருக்கு என்று கோர்ட்டில் வழக்கு. அது யாரிடம் போகிறதோ அவருக்கே என்கிறார் நீதிபதி. மனைவி ஒளித்து வைத்திருந்த அதன் பொம்மையை லேசாகக் காட்டுகிறாள். நாய் ஓடி வந்துவிடுகிறது. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

விவாகரத்து முழுமையாக அமலுக்கு வரும்வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் ஒருவரின் புது வரனை மற்றவர் கெடுப்பதுதான் கதை. ஒருவரின் பலவீனம் மற்றவருக்கு அத்துப்படி. புதுக் காதலர்களுக்கு இது வாய்க்காது. அந்த நெருக்கத்தில்தான் சிரிப்பும் காதலும் சேர்ந்தே வருகின்றன.