குட்டி ஈனும் பெண் குதிரையை விற்கும்போது ஏன் இவ்வளவு மனசு வலிக்கிறது?

சவாரிக்கோ வண்டிக்கோ இல்லாமல், குட்டி எடுப்பதற்காகவே வளர்க்கும் தாய்க் குதிரையைச் சொல்கிறோம். வேலூர்ப் பக்கம் பொய்கைச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி மாட்டை விற்றுவிட்டு, அடுத்த டீக்கடையில் சிரித்துப் பேசுகிறவர்கள்கூட இந்தக் குதிரை விஷயத்தில் உடைந்துபோவார்கள்.

காரணம், காத்திருப்பு. சினைக்காலமே ஏறக்குறைய 11 மாதம். பெரும்பாலும் ஒரே குட்டி. ஈனுவதற்கு ஓரிரு நாள் முன்பு காம்பு நுனியில் மெழுகு மாதிரி துளி திரளும். அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் தூக்கம் ஏது? ஈற்று பெரும்பாலும் ராத்திரியில்தான். டார்ச்சோடு லாயத்திலேயே உட்கார வேண்டியதுதான். குதிரை 25 வருடத்துக்கு மேலும் வாழும் என்பதால், ஒரே வீட்டில் இப்படிப் பல ராத்திரிகள் சேர்ந்துவிடும்.

மகளைக் கட்டிக்கொடுப்பது மாதிரிதான். என்ன, தலை ஆடிக்கு அழைத்து வர முடியாது.

‘பாசம் இருந்தால் விற்பார்களா?’ என்று கேட்பது தவறு. தீவனச் செலவு கட்டுப்படியாகாமல், நல்ல கையில் சேரட்டும் என்று விற்பவர்களும் உண்டு.