எதுவும் திறக்காமலே லேப்டாப் கொதிக்கிறது. ‘டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட்’ என்ற ஒன்று சிபியூவைத் தின்கிறது, எண்ட் டாஸ்க் கொடுத்தாலும் திரும்ப வருகிறது. ஃபார்மேட் செய்துவிடலாமா?

வேண்டாம். இதைப் படித்து முடிக்கும்வரையாவது பொறுங்கள்.

உங்கள் நிலைமை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஃபேன் ஓயாமல் இரைகிறது. என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்தப் பெயரை நிறுத்தினால் ஒரு நிமிடம் அமைதி, பிறகு அதே பெயர் மறுபடி மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் ‘ஃபார்மேட் பண்ணிடு’ என்கிறார்கள், ஒருவராவது ‘நீ எதையோ டவுன்லோட் பண்ணியிருப்ப’ என்றிருப்பார். இரண்டு மாதம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கணினிப் பொறியாளர் கிடையாது. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் என் வேலை. ‘இது தெரியாதவர்கள் எல்லாம் பதில் எழுதுகிறார்கள்’ என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இந்த ஒரு கோளாறை நானே உட்கார்ந்து கண்டுபிடித்துச் சரிசெய்தேன், அதை மட்டும்தான் சொல்லப்போகிறேன்.

என் வேலைக்கு அமைதிதான் மூலதனம். பேசுகிறவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கும்போது ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நான்கு முறை திருப்பிக் கேட்பேன். அந்த நேரத்தில் பக்கத்தில் ஃபேன் இரைந்தால் அந்தச் சொல் போனதுதான். முதலில் தூசி என்று நினைத்தேன். ஆறு மணி நேரம் தாங்கிய பேட்டரி மூன்று மணி நேரத்தைத் தொடாதபோதுதான் பயம் வந்தது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இந்த டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட் 12, 13 சதவீதத்தில் நின்றது. நூற்றுக்குப் பதின்மூன்றுதானே, இதுவா காரணமாக இருக்கும் என்று மூன்று வாரம் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. இங்கேதான் நான் ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள். விண்டோஸ் அங்கே காட்டுவது சிபியூ முழுவதற்குமான கணக்கு. என்னுடையது 4 கோர், 8 த்ரெட். அதாவது சிபியூவுக்குள் வேலை செய்யும் பகுதிகள் நான்கு, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசைகளை ஓட்டும். அதில் ஒரு த்ரெட் இடைவிடாமல் ஓடினால் 100 என்று காட்டாது, நூறை எட்டால் வகுத்து 12.5 என்றுதான் காட்டும். லினக்ஸில் ‘டாப்’ கட்டளை கொடுத்தால் அதே வேலை 100 என்று வரும், கணக்குப் போடும் முறை வேறு. ஒரு கோர் மட்டும் முழுவேகத்தில் ஓடினாலே போதும், சிப் அதற்காகத் தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் ஏற்றும், சூடு வரும், ஃபேன் கத்தும். ஆகவே உங்கள் லேப்டாப்பில் எத்தனை த்ரெட் என்று முதலில் பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ‘லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்’ என்று இருக்கும். நூறை அந்த எண்ணால் வகுத்து வருவதும் உங்கள் ப்ராசஸ் காட்டும் எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, அது மணிக்கணக்கில் இறங்காமலும் நின்றால், ஏதோ ஒன்று சுழலில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். ‘கண்ட கண்ட லிங்க்கை க்ளிக் பண்ணியிருப்ப’ என்றான். அந்த லேப்டாப்பில் நான் ஆடியோ கோப்பையும் வேர்டையும் தவிர வேறெதையும் திறப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பின்பக்கத்தைக் கழற்றி, தூசி தட்டி, சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிக் கொடுத்தார். மூடும்போது இரண்டு கிளிப் உடைந்து, இன்றுவரை ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சூடு இரண்டு நாள் குறைந்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், அதைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் ஃபேன் ஏன் ஓடுகிறது என்று டாஸ்க் மேனேஜரை ஒரு முறைகூடத் திறந்து பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட் தானாக எந்த வேலையும் செய்வதில்லை. பேட்டரி எவ்வளவு இருக்கிறது, எந்த டிரைவர் ஓடுகிறது, டிஸ்கில் எவ்வளவு இடம் என்று மற்ற ப்ரோக்ராம்கள் விண்டோஸிடம் கேட்கும். அதற்குப் பதில் எடுத்துக் கொடுக்கும் ஆள் அது. யாரோ ஒருவர் நொடிக்கு நொடி வந்து கேட்டுக்கொண்டே இருந்தால் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் எண்ட் டாஸ்க் கொடுக்கிறீர்கள், கேட்கிறவர் அடுத்த கேள்வியோடு வருகிறார், விண்டோஸ் அதை மறுபடி எழுப்புகிறது. அந்தக் கேட்கிற ஆளைத்தான் பிடிக்க வேண்டும்.

பிடிக்கிற வழி விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறங்கள், விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவேடு அது. இடது பக்கம் ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’, அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ், அதற்குள் ‘டபிள்யூஎம்ஐ ஆக்டிவிட்டி’, அதற்குள் ‘ஆபரேஷனல்’. சிவப்புக் குறியோடு 5858 என்ற எண்ணில் வரிசையாகப் பிழைகள் இருந்தால், அதில் ஒன்றைத் தொடுங்கள். கீழே நீளமாக ஒரு பத்தி வரும். அதில் ‘க்ளையன்ட் ப்ராசஸ் ஐடி’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கம், பிஐடி (ப்ராசஸ் ஐடி) என்ற நெடுவரிசையில் அதே எண் யாருடையது என்று பாருங்கள். ஒன்று கவனம்: இந்த எண்கள் நிரந்தரமானவை கிடையாது, ஒரு ப்ரோக்ராம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புது எண் வரும். நேற்றைய பிழையின் எண்ணை இன்றைய பட்டியலில் தேடி ஒரு மாலையை நான் வீணாக்கினேன். கடைசியாக வந்த பிழையையே எடுங்கள். இங்கே ஒன்றிரண்டு பிழை இருப்பது சாதாரணம், ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி.

என்னுடையதில் நாற்பதுக்கும் மேல் ஒரே எண். அந்த எண்ணுக்குரியது லேப்டாப் தயாரித்த நிறுவனமே உள்ளே போட்டு அனுப்பிய ‘கணினி நல ஆலோசகர்’ மாதிரியான ஒரு துணை மென்பொருள். பேட்டரியும் ஃபேனும் நலமாக இருக்கிறதா என்று கண்காணிப்பதற்காக வைத்தது, இரண்டு மாதமாக அந்த இரண்டையும் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் எந்த லிங்க்கையும் தொடவில்லை. வாங்கிய நாளிலிருந்தே அது உள்ளே இருந்திருக்கிறது, ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கெட்டிருக்கிறது.

பின்னணியில் ஓடுபவற்றைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் அதைக் கண்டுபிடித்து ‘ஸ்டாப்’ கொடுத்தேன். சில நிமிடத்தில் ஃபேன் தணிந்து நின்றது. அந்த அமைதியில் சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்டது. அழுகையே வந்துவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் மூன்று வேலைகளைத் தாமதமாகக் கொடுத்தேன். தட்டச்சுக்கு ஒலிப்பதிவின் நிமிடக் கணக்கில்தான் சம்பளம். ஒரு மணி நேரப் பதிவை ஒழுங்காக எழுத எனக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இன்னும் கூட. ஆனால் கொடுப்பது அறுபது நிமிடத்துக்கு. தாமதமானால் அதிலும் பிடித்தம். ‘உங்கள் லேப்டாப் பிரச்சினை உங்களுடையது’ என்று ஒருவர் எழுதினார். பேச்சைத் தெளிவாகப் பதிவுசெய்து அனுப்ப வேண்டியது மட்டும் அவர்கள் பொறுப்பு இல்லையா? சரி, விடுங்கள்.

சிலர் வந்து ‘இது கிரிப்டோ மைனராக, அதாவது உங்கள் கணினியில் ஒளிந்து வேறொருவருக்கு டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் ப்ரோக்ராமாக இருக்கலாம், நீங்கள் தவறாக வழிகாட்டுகிறீர்கள்’ என்பார்கள். இருக்கலாம், நான் இல்லையென்று சொல்லவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கி, மூடியதும் மறுபடி கிளம்பும் மால்வேர்களும் உண்டு. அதனால் பெயரை மட்டும் நம்பாமல், அதன்மேல் வலது க்ளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். உண்மையான டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டபிள்யூபெம் என்ற ஃபோல்டரில் இருக்கும். 32 பிட் வடிவம் என்றால் சிஸ்வாவ்64க்குள் அதே பெயருள்ள ஃபோல்டர். டவுன்லோட்ஸிலோ டெம்ப் ஃபோல்டரிலோ இருந்தால் சந்தேகப்படுங்கள், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். நானும் ஓட்டினேன், ஒன்றும் வரவில்லை.

எல்லாப் பெயருக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது. கோப்புகளைத் தேடுவதற்காகப் பட்டியலிட்டு வைக்கும் தேடல் இண்டெக்ஸர் என்றால் சார்ஜரில் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள், பெரும்பாலும் வேலை முடிந்து தானே அடங்கும். ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ மேலே நின்றால் டிரைவரையோ வன்பொருளையோதான் பார்க்க வேண்டும், யூஎஸ்பியில் செருகியிருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ 95 என்று காட்டினால் பயப்பட எதுவுமில்லை, சிபியூ அவ்வளவு சும்மா இருக்கிறது என்று பொருள். மேக் வைத்திருப்பவர்கள் ‘கெர்னல் டாஸ்க்’கைத் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சிபியூ சூடாகும்போது மற்ற ப்ரோக்ராம்கள் அதை அதிகம் பயன்படுத்தாமல் இடத்தைப் பிடித்துவைப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. அங்கேயும் சூட்டுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கும்.

ஈவென்ட் வியூவரில் ஒன்றும் அகப்படவில்லை என்றால், ஸ்டார்ட் மெனுவில் ‘எம்எஸ்கான்ஃபிக்’ (விண்டோஸோடு என்னென்ன தொடங்க வேண்டும் என்று வைக்கும் இடம்) தேடித் திறந்து சர்வீசஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் பெட்டியை முதலில் டிக் செய்யுங்கள். அதை மறந்து எல்லாவற்றையும் அணைத்துவிடாதீர்கள். மிச்சம் இருப்பவற்றில் பாதியை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், சூடு நின்றால் அந்தப் பாதியில் ஆள் இருக்கிறது. அதிலும் பாதி. நான்கைந்து ரீஸ்டார்ட்டில் பெரும்பாலும் பிடித்துவிடலாம், ஃபார்மேட் செய்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றும் நேரத்தில் கால்வாசிகூட ஆகாது. ஃபார்மேட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவனம் கொடுத்த ரெகவரியிலிருந்து செய்தால் அந்தத் துணை மென்பொருளும் கூடவே திரும்ப வந்து உட்கார வாய்ப்பு அதிகம்.

எனக்கு ஃபார்மேட் இல்லாமலே வந்தது. நிறுத்திய ஒரு மாதத்தில், டிரைவர் அப்டேட்டோடு சேர்ந்து அதே சர்வீஸ் மறுபடி ‘ஆட்டோமேட்டிக்’ ஆகி நின்றது. அந்த நிறுவனத்துக்கு ஈவென்ட் வியூவர் படத்தோடு கடிதம் எழுதினேன். ரீசெட் செய்யச் சொல்லிப் பதில் வந்தது. இந்த முறை சர்வீஸை நிறுத்துவதோடு விடாமல் மென்பொருளையே அன்இன்ஸ்டால் செய்தேன். பேட்டரி சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அதோடு போய்விட்டது, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புப் பக்கத்தில் அதே வசதி இருந்ததால் அங்கே போய் வைத்துக்கொண்டேன். நீங்களும் நீக்குவதற்கு முன் அதை நம்பி எந்த வசதி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு மாதம் ஆகிறது, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து அந்தப் பெயர் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை இல்லை.