பழைய சாமானுக்கு என்ன விலை? – வாசகர் கேள்விகள்

(பழைய வண்ணாரப்பேட்டையில் நாற்பது வருடமாக சினிமாப் பாட்டுப் புத்தகமும் போஸ்டரும் சேர்த்து, மதிப்பிட்டுச் சொல்லும் அக்கா பதில் சொல்கிறார்.)

கே: பி.காம் முடித்திருக்கிறேன். பழைய சினிமா பொருட்களைச் சேர்ப்பதையே தொழிலாக்க ஆசை. அம்மா திட்டுகிறார். இதில் பிழைக்க முடியுமா அக்கா? – வாசகர், வியாசர்பாடி

ப: அம்மா திட்டுவதில் பாதி நியாயம் இருக்கிறது தம்பி. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது நான் ஹார்பரில் கணக்கு எழுதிய சம்பளத்தில்தான். ஐம்பது வயதுக்கு மேல்தான் போஸ்டர் எனக்குச் சோறு போட்டது.

என் அப்பா போஸ்டர் ஒட்டுபவர். சைக்கிளில் ஒரு பக்கம் பசை வாளி, கேரியரில் போஸ்டர் கட்டு. மாடு நக்கித் தின்னக் கூடாது என்று மைதா பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார். மிஞ்சிய போஸ்டரில் எங்கள் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடுவோம். இன்றைக்கு அந்த அட்டைகளின் விலையை நினைத்தால் வயிறு எரிகிறது!

வருமானம் மூன்று வழியில் வரும். வாங்கி விற்பது ஒன்று. பழைய காலக் கதை எடுக்கும் படக்குழுவுக்கு வாடகைக்குக் கொடுப்பது இன்னொன்று, இதில்தான் காசு ஒழுங்காக வரும். மூன்றாவது மதிப்பீட்டுக் கூலி. நான் விலை சொன்ன பொருளை நானே வாங்க மாட்டேன். குறைத்துச் சொல்லி அமுக்கிவிட்டாள் என்று ஒரு தடவை பேர் கெட்டால், அப்புறம் எந்த வீட்டிலும் பரணில் ஏற விட மாட்டார்கள்.

கண்டதையும் சேர்க்காதே. நம் பக்கத்துத் தியேட்டர் நோட்டீஸ் மட்டும் சேர்த்தாலே ஆயுசு போதாது. 1931இல் முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' ஓடியது தங்கசாலைப் பக்கம் கினிமா சென்ட்ரலில். அதுதான் பிறகு முருகன் டாக்கீஸ் ஆனது. அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை, பாட்டுப் புத்தகம் இருக்கிறது. 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு பிராட்வே தியேட்டரில் வந்து மூன்று தீபாவளி பார்த்தது. ஒரே படத்துக்கு எத்தனை விதமான நோட்டீஸ் அடித்திருப்பார்கள், யோசித்துப் பார். வேலையை விடாமல், ஞாயிற்றுக்கிழமை காயலான் கடையிலிருந்தும் பழைய பேப்பர் கடையிலிருந்தும் ஆரம்பி.

கே: 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானபோது சென்னைச் சுவரில் ஒட்டியிருந்த அசல் போஸ்டர் என்று ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? – வாசகர், காசிமேடு

ப: அந்த வார்த்தையிலேயே ஆள் மாட்டிக்கொண்டார். 1973 மே மாதம் அந்தப் படம் வந்தபோது போஸ்டர் வரியை ஏற்றிவிட்டார்கள். சென்னையில் போஸ்டர் ஒட்டாமலேயே படத்தை வெளியிட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. ஊரெல்லாம் எம்.ஜி.ஆர். படம் என்று பேச்சு, அப்பா மட்டும் பசை வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வெளியூருக்கு அடித்தது என்று சொன்னால் பேசிப் பார்க்கலாம். இன்னொன்று, ஒட்டிய போஸ்டர் சுவரிலிருந்து முழுதாக வராது. நம் கைக்கு வருவதெல்லாம் ஒட்டாமல் மடித்து வைத்ததுதான், மடிப்புக் கோடு இருக்கும். சுவரில் இருந்தது என்கிறார், மடிப்பும் இல்லை, கிழிசலும் இல்லை என்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கே: தாத்தா பெட்டியில் முப்பது பாட்டுப் புத்தகங்கள். பலவற்றில் வருடம் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, ராயபுரம்

ப: அட்டையில் விலையைப் பாருங்கள். அணா மட்டும் என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். ந.பை., அதாவது நயா பைசா என்றால் 1957க்கும் 1964க்கும் நடுவில். வெறும் பைசா என்றால் அதற்குப் பின். மாறிய புதிதில் இரண்டையும் சேர்த்துப் போட்டவர்களும் உண்டு. அச்சக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன் போகவே போகாது.

அப்புறம் எழுத்து. யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய 'லை'யை அரசாங்கம் 1978இல் மாற்றியது. பெரியாரின் 'குடி அரசு' பத்திரிகை 1935லேயே மாறிவிட்டது, ஆனால் அந்தக் காலத்து சினிமா அச்சில் புது 'லை'யை நான் பார்த்ததில்லை. இதெல்லாம் தெரிந்த நானே ஏமாந்திருக்கிறேன். பிராட்வே பிளாட்பாரத்தில் சாயங்கால இருட்டில் '1958 போஸ்டர்' என்று ஒருவர் கொடுத்ததை 3,000 ரூபாய்க்கு வாங்கிவந்து லைட்டில் பிரித்தால், நட்டநடுவில் புது 'லை' பல்லைக் காட்டுகிறது. அது இப்போது என் சமையலறைக் கதவில் இருக்கிறது. பழக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன். பழைய 'லை' இருப்பதாலேயே பழசு என்றும் நம்ப வேண்டாம், 1978க்குப் பிறகும் பல அச்சகங்கள் பழைய எழுத்தையே ஓட்டின.

கே: போஸ்டரை லேமினேட் செய்து வைக்கலாமா? – வாசகர், கொருக்குப்பேட்டை

ப: கூடாது. செலோடேப்பும் கூடாது.

கே: அப்பாவின் பழைய ரிக்கார்டுகளில் பூஞ்சை. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்கிறார்கள். – வாசகி, திருவொற்றியூர்

ப: ஐயோ, வேண்டாம் அம்மா! கனமாக, தட்டினால் பீங்கான் போலச் சத்தம் வருகிற 78 வேக ரிக்கார்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும், பாட்டும் அதோடு போகும். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், நடு லேபிளில் ஈரம் படாமல், கோட்டோடு கோடாகத் துடைத்து நிழலில் காய வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். உங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு, வெளிச்சுவரை ஒட்டின அலமாரி ஆகாது. விலையைப் பற்றி இப்போதே கனவு வேண்டாம், பெரும்பாலான ரிக்கார்டு சில நூறு ரூபாய்தான் போகும். துடைத்து முடித்ததும் லேபிள்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், யார் பாடியது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.