ஸ்லைடில் வெள்ளை ஏன் வெளுக்கவில்லை?

கேள்வி: இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் பிலிமை வீட்டிலேயே கருப்பு-வெள்ளை ஸ்லைடாக்கி (நெகட்டிவாக இல்லாமல் நேர்ப் படமாக) பார்த்தேன். நெகட்டிவுக்குப் போடும் அதே டெவலப்பர், அதே நேரம். பிறகு பெர்மாங்கனேட் பிளீச். வானமும் வெள்ளைச் சட்டையும் சாம்பலாக வந்திருக்கின்றன. ஓரங்களில் எமல்ஷன் (பிலிம் மேல் உள்ள வெள்ளி உப்புப் பூச்சு) உரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், 30 டிகிரி இருக்கும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பிலிமின் நுனியைப் பாருங்கள். கேமராவில் மாட்டும்போதே முழு வெளிச்சம் பட்ட துண்டு அது. ஸ்லைடில் தெளிந்திருக்க வேண்டும். நுனி தெளிந்து படம் மட்டும் இருண்டிருந்தால், எடுக்கும்போது வெளிச்சம் போதவில்லை. நுனியே சாம்பல் என்றால் கோளாறு ரசாயனத்தில். (35 மி.மீ. பிலிமின் அடித்தளத்தில் லேசான சாயம் உண்டு, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் சந்தேகம் டெவலப்பர் மேல்தான். முதல் டெவலப்பர் உண்டாக்கும் வெள்ளியை பிளீச் கரைத்துவிடும். டெவலப்பர் தொடாமல் விட்ட வெள்ளி உப்புதான் பின்னால் கறுத்துப் படமாகிறது. ஆகவே வானம் இருக்கும் இடத்தில் உப்பு மிஞ்சவே கூடாது. நெகட்டிவுக்கான மிதமான டெவலப்பர் அவ்வளவு தூரம் போகாது. காகிதத்துக்குப் போடும் பிக்யூ யுனிவர்சலை ஒன்றுக்கு ஐந்து பங்கு தண்ணீரில் கலந்து, லிட்டருக்கு 8 முதல் 12 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) படிகம் சேர்த்து, 20 டிகிரியில் 12 நிமிடம் வையுங்கள். மிஞ்சும் உப்பை ஹைப்போ கரைக்கும். அளவு மீறினால் கறுப்பும் வெளிறும். ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி ஊற்றாதீர்கள். இங்கே சிக்கனம் பார்த்தால் படம் போய்விடும்.

இரண்டாவது சந்தேகம் தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள குளோரைடு பிளீச்சில் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகத் தங்கும். அதுவும் பிறகு கறுக்கும். பிளீச்சுக்கும் அதற்கு முந்தைய கடைசி அலசலுக்கும் டிஸ்டில்ட் வாட்டரே வேண்டும்.

பிளீச்: அரை லிட்டரில் 2 கிராம் பெர்மாங்கனேட், இன்னொரு அரை லிட்டரில் 10 மில்லி அடர் கந்தக அமிலம். அடர் அமிலத்துக்குப் பதில் சுமார் 40 மில்லி பேட்டரி ஆசிட் போதும். வீட்டுக்கு அதுதான் நல்லது. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், கண்ணாடியும் கையுறையும் அணிந்து. பெர்மாங்கனேட் தூளில் அடர் அமிலம் பட்டால் வெடிக்கும். இரண்டு கரைசல்களையும் பயன்படுத்தும் நேரத்தில் கலந்து, 5 நிமிடம் வையுங்கள். பெர்மாங்கனேட்டுக்குப் பதில் போடும் டைக்ரோமேட் எமல்ஷனுக்கு இதமானது, ஆனால் புற்றுநோய் உண்டாக்கும், வீட்டுக்கு வேண்டாம்.

எமல்ஷன் உரிந்ததற்கு பெர்மாங்கனேட்டும் சூடும்தான் காரணம். பெர்மாங்கனேட் அதை இளக்கும்; 30 டிகிரி தண்ணீர் இன்னும் இளக்கும். அலசும் தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் ஐஸ் போட்ட வாளியில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

பெர்மாங்கனேட் விட்ட பழுப்புக் கறை போக, லிட்டருக்கு 25 கிராம் மெட்டாபைசல்பைட் கரைசலில் 2 நிமிடம். பிறகு பல்பு வெளிச்சத்தில் இருபுறமும் காட்டி, இரண்டாம் டெவலப்பர், பிக்சர் (மிஞ்சிய வெள்ளி உப்பை நீக்கும் கரைசல்), அலசல். காயும்வரை எமல்ஷன் பக்கம் விரலோ துணியோ படக் கூடாது.