கேள்வி - பதில்: அழிக்கப்பட்ட 92 டேப்புகள்

கேள்வி: குண்டு எங்கே என்று தெரிந்தவன் கையில் சிக்கியிருக்கிறான், நேரமோ இல்லை. அடித்தாவது உண்மையைக் கறக்கக் கூடாதா? அமெரிக்கத் தொடர்களில் அப்படித்தானே ஊரைக் காப்பாற்றுகிறார்கள்?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: கூடாது. உங்கள் வயதில் இருந்த அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி மாணவர்களும், ஹீரோ கைதிகளை வதைத்து உண்மை கறக்கும் ‘24’ தொடரைப் பார்த்துவிட்டு வந்து, சித்திரவதை தப்பென்றால் அந்த ஹீரோ செய்வது மட்டும் எப்படிச் சரி என்றுதான் கேட்டார்கள். கவலைப்பட்ட அகாடமி டீன் பேட்ரிக் ஃபின்னகன், 2006 நவம்பரில் சீருடையோடு படப்பிடிப்புத் தளத்துக்கே போய், இப்படிக் காட்டாதீர்கள் என்று கேட்டார். அங்கிருந்த சிலர் அவரையும் நடிகர் என்று நினைத்துவிட்டார்கள்.

சரி, நிஜத்தில் என்ன நடந்தது? அல்-கொய்தாவின் பெரிய தலை என்று நினைத்து அபு ஸுபைதா என்பவரைப் பிடித்த அமெரிக்க உளவு நிறுவனம் சி.ஐ.ஏ., 2002 ஆகஸ்டில் தாய்லாந்தில் ஒரு ரகசியச் சிறையில் அவரைப் பலகையில் கட்டி, முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றியது. ஒரே மாதத்தில் 83 முறை. ஒருமுறை ஆள் அசைவே இல்லாமல் கிடக்க, திறந்த வாய் நிறையத் தண்ணீர், அதில் குமிழி குமிழியாக வந்தது என்கிறது 2014-இல் வெளியான அமெரிக்க செனட் அறிக்கை. புதிய தாக்குதல் பற்றிய தகவல் எதுவும் அவரிடம் இல்லை. அவர் அல்-கொய்தா உறுப்பினரே இல்லை என்று பிற்பாடு சி.ஐ.ஏ.வே முடிவுக்கு வந்தது. நீங்கள் சொல்லும் ‘தெரிந்தவன்’ நிஜமாகவே தெரிந்தவன் என்பது கதை எழுதுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்! இத்தனையும் திருட்டுத்தனமாக நடக்கவில்லை, அமெரிக்க நீதி அமைச்சகம் எழுத்தில் கொடுத்த அனுமதியோடு நடந்தது. அந்தக் குறிப்பில் கையெழுத்திட்ட ஜே பைபீ அடுத்த வருடமே ஃபெடரல் நீதிபதியானார்.

வலி பேச வைக்கும், அதை நான் மறுக்கவில்லை. எகிப்துச் சிறையில் வதைபட்ட அல்-லிபி என்பவர், அல்-கொய்தாவுக்கு இராக் ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்றார். அதை 2003 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் எடுத்துச் சொன்னார், அடுத்த மாதம் இராக் போர் தொடங்கியது. வதை தாங்காமல் சொன்ன பொய் அது என்று அல்-லிபி அப்புறம் மறுத்தார். போர் நடந்து முடிந்தது முடிந்ததுதான்.

தாய்லாந்துச் சிறையில் விசாரணையின்போது எடுத்த 92 வீடியோ டேப்புகளை 2005 நவம்பரில் சி.ஐ.ஏ. அழித்துவிட்டது. அதனால் அந்த அறையை நாம் யாரும் பார்த்ததில்லை, 8 சீசன் ஓடிய தொடரைத்தான் பார்த்திருக்கிறோம். அபு ஸுபைதாவை கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ ராணுவச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பிடித்து 20 வருடம் தாண்டியும் அவர்மேல் ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை.