சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் கராஜில் தாய்ப்பூனை விட்டுப்போன குட்டி, வயது நான்கு வாரம் இருக்கும். நேற்றிலிருந்து துவண்டு கிடக்கிறது. காதும் பாதமும் ஜில்லென்று இருக்கின்றன. சொட்டுச் சொட்டாகப் பசும்பால் விட்டால் கடைவாயில் வழிகிறது. உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. என்ன செய்யட்டும், டாக்டர்?
வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, பால் விடுவதை இப்போதே நிறுத்துங்கள். பசியோடு கிடக்கிறதே என்ற பரிதவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உடம்பு சில்லிட்டால் குடல் இயங்காது, பால் செரிக்காது. விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும்.

முதலில் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் வையுங்கள். சூடு கூடினால் குட்டி விலகிப் படுக்க மறுபாதி காலியாக இருக்கட்டும். நகரவே முடியவில்லையென்றால் உங்கள் நெஞ்சோடு அணைத்து, மேலே ஒரு துணி போர்த்துங்கள். ஹீட்டர் முன்னால் வைத்துச் சட்டென்று சூடேற்ற வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்ல ஏறட்டும். டர்பனின் ஜூலைக் குளிர் நமக்கு ஒரு ஸ்வெட்டரோடு போய்விடும், அரைக் கிலோகூட இல்லாத உடம்பு அதைத் தாங்காது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 38 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 35க்குக் கீழே இருக்கும்வரை பால் கூடாது. ஈறில் ஒரு துளி குளுக்கோஸ் கரைசல் தடவலாம்.

அப்படியே உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், தெள்ளு ரத்தத்தை உறிஞ்சி உறிஞ்சிச் சோகை வந்திருக்கிறது. இவ்வளவு சின்னக் குட்டி அதனாலேயே செத்துப்போகும். ரத்தம் ஏற்றவேண்டியும் வரலாம். சீப்பால் வாரித் தெள்ளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாய்க்கு விடும் பெர்மெத்ரின் மருந்தோ, ஜெய்ஸ் கிருமிநாசினி கலந்த தண்ணீரோ வேண்டவே வேண்டாம், இரண்டும் பூனைக்கு விஷம். பாரசிட்டமாலும் அப்படித்தான்.

ஈறு எப்படி இருந்தாலும் இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், வழியிலும் அந்தப் பாட்டில் கூடவே இருக்கட்டும். செலவுக்கு யோசனையாக இருந்தால் விலங்கு நல அமைப்பான எஸ்பிசிஏவுக்குப் போன் செய்து கேளுங்கள். நாளை பார்க்கலாம் என்று மட்டும் விடாதீர்கள்.

தேறிய பிறகு பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு கொடுங்கள்; பசும்பால் வயிற்றைக் கலக்கும். குழந்தையைப்போல மல்லாத்தாமல், வயிறு கீழே இருக்கும்படி பிடித்துப் புகட்டுங்கள். தினமும் சமையலறைத் தராசில் நிறுங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலே எங்கோ கோளாறு, துவளும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. நம் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் என்னும் வெறிநோய் இன்னும் இருக்கிறது. குட்டியோ தாய்ப்பூனையோ வீட்டில் யாரையாவது கடித்தோ பிறாண்டியோ இருந்தால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள். குட்டி பிழைத்துவிட்டால் மூன்று மாத வயதில் அதற்கும் ரேபிஸ் ஊசி போட வேண்டும், இங்கே அது சட்டப்படி கட்டாயம்.